தீப்பெட்டியைப் பூட்டி வைத்த நிர்வாகக் குழுவுக்கு

மதிப்பிற்குரிய பள்ளிச் செயலாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் நம் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவள் நான். கடந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் படி ஒன்று என் கைக்கு வந்தது. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆய்வகத்தில் எந்த வடிவிலும் நெருப்பு மூட்டக் கூடாது என்றும், ஸ்பிரிட் விளக்கு, பன்சன் பர்னர், மெழுகுவத்தி, தீப்பெட்டி ஆகியவற்றை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும், எரிதல் தொடர்பான செய்முறைகள் அனைத்தையும் இனித் திரையில் காணொளியாகக் காட்டினால் போதும் என்றும் அதில் இருக்கிறது. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு முறை நேரில் வந்து சொன்னேன். "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலோடு மாதங்கள் கழிந்துவிட்டன. தீபாவளி நெருங்குகிறது. ஆகவேதான் ஊரறிய எழுதுகிறேன்.

சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவரின் மகள் நான். கண்ணிகளை ஒட்டவைக்க உலோகப் பொடி வைத்து ஊதும் வீட்டில் பிறந்தவள் என்றாலும் இந்த மடலில் பொடி வைத்துப் பேசப் போவதில்லை.

சுற்றறிக்கைக்குக் காரணமாக நீங்கள் சொல்வது சென்ற டிசம்பரில் நடந்த விபத்து. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முன்கையில் ஸ்பிரிட் விளக்கின் தீ பட்டது. காயம் மூன்று வாரத்தில் ஆறியது என்றாலும், அந்தப் பெற்றோர் பட்ட பதைப்பை நான் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் அன்று என்ன நடந்தது என்பதை யாராவது விசாரித்தீர்களா? நான் அந்தப் பெண்ணிடமும் உடனிருந்த பிள்ளைகளிடமும் கேட்டேன். பக்கத்து மேசையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்க, இந்த மேசை விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது என்று, சூடு தணியாத அந்த விளக்கைத் திறந்து குப்பியிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். எத்தனாலை முதன்மையாகக் கொண்ட அந்தத் திரவம் ஏறத்தாழ 13 முதல் 17 டிகிரி செல்சியஸிலேயே, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை வெளியிடத் தொடங்கிவிடும். டிசம்பர் மாத நண்பகலிலும் சேலத்து வகுப்பறை அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆக, குப்பியின் மூடியைத் திறந்த கணமே மேசைமீது கண்ணுக்குத் தெரியாத எரிபொருள் பரவிவிட்டது. பக்கத்து மேசைச் சுடர் அந்த ஆவியின் வழியாகவே வந்து சேர்ந்தது. அப்போது அறையில் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே ஓர் ஆசிரியரும் இருந்தார்கள். ஆய்வக உதவியாளர் பணியிடம் மூன்று ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது. சுற்றறிக்கையில் இந்தப் பணியிடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். 1998இல், பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில், மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கிறதே என்ற அவசரத்தில், அணைத்த சூட்டோடு ஒரு விளக்கில் நானே ஸ்பிரிட்டை ஊற்றினேன். குப் என்று எழுந்த தீயில் முன்வரிசைப் பையன் ஒருவனின் புருவமும் முன்மயிரும் பொசுங்கின. கருகிய மயிரின் அந்த நாற்றம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அன்றிருந்த தலைமையாசிரியர் விளக்குகளைப் பூட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு, நடந்ததை வரிவரியாக எழுதச் சொன்னார். எந்த வரியில் தவறு என்று என்னையே அடிக்கோடிடச் சொன்னார். மறுநாளிலிருந்து விளக்குகளை நிரப்புவது காலையில், முதல் மணிக்கு முன், வெளி வராந்தாவில், உதவியாளரின் வேலை என்றானது. வகுப்பு நடக்கும்போது ஸ்பிரிட் குப்பி ஆய்வகத்துக்குள் வரக் கூடாது. நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்த ஆய்வகத்தில் இன்னொரு பிள்ளைக்குத் தீக்காயம் ஏற்படவில்லை. அந்த ஏற்பாடு உதவியாளர் ஓய்வு பெற்ற நாளோடு நின்றுபோனது.

நேரில் வந்தபோது உங்களில் ஒருவர் கும்பகோணத்தை நினைவூட்டினார். 2004 ஜூலை 16 அன்று அங்கே 94 குழந்தைகள் தீயில் மாண்டதை இந்த மாநிலத்தில் எந்த ஆசிரியரும் மறக்க முடியாது. அன்று மாலை நாங்கள் ஆசிரியர் அறையில் வானொலியைச் சுற்றி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அங்கே தீ தொடங்கியது மதிய உணவு சமைத்த இடத்தில். அதைப் பெருந்தீயாக்கியது கீற்றுக் கூரை. எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் என்னும் மூன்றும் சேர்ந்தால்தான் தீ என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அதற்குப் பிறகு அரசு செய்தது அந்த மூன்றில் ஒன்றை எடுத்ததுதான்: பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. சமையல் அடுப்பை எந்தப் பள்ளியும் அணைத்துவிடவில்லை. பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே. ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து அதை நீக்குவதை அந்த நடவடிக்கையிலிருந்து கற்றிருக்கலாம். நீங்கள் நீக்கியிருப்பது பாடத்தை.

காணொளி போதாதா என்று கேட்டீர்கள். அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். தட்டில் கொஞ்சம் தண்ணீர். நடுவில் எரியும் மெழுகுவத்தி. அதன்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கிறார்கள். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது" என்கிறது பின்னணிக் குரல். இந்த விளக்கம் தவறு. பல ஆண்டுகளாகப் பாடநூல்களிலும் உலவிவரும் தவறு. குவளைக்குள் சுடர் அணையும் நேரத்தில் ஆக்சிஜன் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. 21 விழுக்காடாக இருந்தது சுமார் 16 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். எரிந்துபோன ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் வேறு. குவளையைக் கவிழ்க்கும்போது சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கிறது. சுடர் அணைந்தபின் அது குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் கற்றுக்கொடுத்தாள். குவளையைக் கவிழ்த்தபோது அதன் விளிம்போரத்தில் சில குமிழிகள் வெளியேறியதை அவள் பார்த்துவிட்டாள். "டீச்சர், ஆக்சிஜன் தீர்ந்துபோகுதுன்னா காத்து ஏன் வெளிய வருது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்றை ஒன்றாக நட்டு அதே குவளையைக் கவிழ்த்தோம். தண்ணீர் முன்னைவிட மிக உயரமாக ஏறியது. குவளை அதேதான், அதற்குள் இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவுதான். கூடியது சூடு மட்டுமே. அதோடு, சுடர் உயிரோடு இருக்கும்வரை தண்ணீர் ஏறத்தாழ அசையாமல் இருந்து, அணைந்தபின் விறுவிறுவென்று ஏறியதையும் எல்லாரும் பார்த்தார்கள். ஆக்சிஜன் எரிந்ததுதான் காரணம் என்றால் எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஒன்பது ரூபாய் மெழுகுவத்தியில் நாற்பது பிள்ளைகள் ஒரு பாடநூல் வரியைத் திருத்தினார்கள். காணொளியில் அந்தக் குமிழி தெரியாது. தெரிந்தாலும், நிறுத்தி மூன்று மெழுகுவத்தியை நட்டுப் பார்க்க முடியாது.

மெழுகுவத்தியில் கற்க வேண்டியது அதோடு முடிவதுமில்லை. எரியும் மெழுகுவத்தியை ஊதி அணைத்தவுடன் திரியிலிருந்து வெண்புகை ஒன்று நூல்போல் எழும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகைக்குள், திரிக்கு ஓர் அங்குலம் மேலே கொண்டுபோனால், குச்சி திரியைத் தொடாமலே சுடர் புகை வழியாகக் கீழே பாய்ந்து திரியில் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை ஆண்டுகள் காட்டினாலும் வகுப்பில் அந்தக் கணத்தில் ஒரே கூச்சல்தான்: "டீச்சர், புகை பத்திக்கிச்சு!" அந்தப் புகை ஆவியாகி மீண்டும் குளிர்ந்த மெழுகு. திரியும் எரியவில்லை, கட்டி மெழுகும் எரியவில்லை, மெழுகின் ஆவிதான் எரிகிறது என்பது அந்த ஒரு பாய்ச்சலில் பிள்ளைக்குப் புரிந்துவிடும். விறகும் அப்படித்தான், சூட்டில் சிதைந்து வெளிவரும் வாயுக்கள்தாம் கொழுந்துவிட்டு எரிகின்றன, மிஞ்சிய கரி கங்காகக் கனல்கிறது. இது புரிந்த பிள்ளைதான் ஸ்பிரிட் குப்பியைச் சுடருக்கு அருகில் திறக்கத் தயங்கும். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே, 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களை உட்கார வைத்து, இந்த மெழுகுவத்தி ஒன்றையே பொருளாகக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். எரியும் மெழுகுவத்தியை எதிரில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

அடுத்து மக்னீசிய நாடா. நீங்கள் பூட்டச் சொன்ன பட்டியலில் அதன் பெயர் இல்லை என்றாலும், தீக்குச்சி இல்லாமல் அதை எரிக்க முடியாது. இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்தால் கண் கூசும் வெள்ளொளியோடு எரிந்து வெள்ளைச் சாம்பலாகும். அந்தச் சாம்பலைச் சிந்தாமல் சேர்த்து எடைபோட்டால், எரியும் முன் இருந்த நாடாவைவிட எடை கூடியிருக்கும்: 24 கிராம் மக்னீசியம் 16 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 40 கிராம் மக்னீசியம் ஆக்சைடு ஆகிறது. எரிந்தால் ஏதோ ஒன்று பொருளை விட்டு வெளியேறுகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் நம்பியதை லவாய்சியே இப்படித் தராசை வைத்துத்தான் மறுத்தார். இந்தச் சாம்பல் சேலத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமானதா? கருப்பூர்ப் பக்கம் போனால் சாலையிலிருந்தே தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்கள். அந்தக் கல் மக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் எடையில் பாதிக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற, மிஞ்சுவது பிள்ளைகள் இடுக்கியில் உண்டாக்கிய அதே மக்னீசியம் ஆக்சைடு. 2,800 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதிலிருந்து செங்கல் செய்கிறார்கள். தகப்பன் சுரங்கத்தில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் நம் பள்ளியில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். "எங்க அப்பா தோண்டுற கல்லா இது?" என்று கேட்டவனுக்குத் திரை எதைத் தரும்?

என் தகப்பனார் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரில்லை. திரிவிளக்கின் சுடரை ஊதுகுழலால் ஊதி ஊசிமுனைபோல் வளைத்து, கொலுசின் கண்ணிகளில் வெண்காரமும் பொடியும் வைத்துப் பற்றவைப்பார். வெள்ளி 961 டிகிரியில் உருகும். பொடி அதற்குச் சற்றுக் கீழே உருக வேண்டும். அந்த இடைவெளிக்குள் நின்று வேலையை முடிக்க வேண்டும். கண்ணியைச் சுடரின் வெளிநுனியில் காட்டினால் வெள்ளியில் கலந்த செம்பு கறுத்துவிடும். "நுனிக்குக் கொஞ்சம் உள்ள புடி, அங்கதான் நெருப்பு பசியோட இருக்கும்" என்பார். சுடரின் உட்பகுதியில் ஆக்சிஜன் போதாமல் இருக்கிறது, அதனால் அங்கே உலோகம் ஆக்சைடாக மாறுவதில்லை என்று நான் கல்லூரியில் படித்தபோது அவருடைய அந்தப் பசி எனக்கு விளங்கியது. சுடரின் மூன்று மண்டலங்களைக் கரும்பலகையில் வரைந்து வண்ணம் தீட்டும் பிள்ளை, அதே சுடருக்குள் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே ஒரு விநாடி நீட்டி எடுத்து, இரு ஓரம் கருகி நடுவில் வெளுத்திருப்பதைப் பார்த்தால் போதும், அவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஊரில் வெள்ளிப் பட்டறையும், ஓமலூர்ப் பக்கத்து வெல்லம் காய்ச்சும் கொப்பரையும், எஃகு ஆலையும் நெருப்பை வைத்துத்தான் பிழைக்கின்றன. தீவட்டிப்பட்டி என்றே ஓர் ஊர் இருக்கும் மாவட்டத்தில் தீக்குச்சி கிழிக்கத் தெரியாத தலைமுறையை வளர்க்கிறோம், வேடிக்கைதான்.

நம் பள்ளி மைதானத்தில் நின்றால் மாசி, பங்குனி இரவுகளில் மலையில் தீ எரிவது கொன்றைப் பூச்சரம்போல் தெரியும். பிள்ளைகள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் விடுமுறையில் அந்தச் சரிவுகளில் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் போகிறவர்கள். எரியும் தீக்குச்சியைத் தலை மேலே இருக்கும்படி நேராகப் பிடித்தால் தீ மெல்ல இறங்கிப் பெரும்பாலும் அணைந்துவிடும். தலை கீழே இருக்கும்படி சாய்த்தால் விரலை நோக்கிச் சரசரவென்று ஏறும். சுடரும் சூடான வாயுவும் மேல்நோக்கிப் போகும் வழியில் இன்னும் எரியாத குச்சியை முன்கூட்டியே சுடவைத்துவிடுவதுதான் காரணம். மலைச்சரிவில் நடப்பதும் இதுவே. சரிவு பத்து டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் இரட்டிக்கும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைப் படித்தோம். தீயைக் கண்டால் சரிவின் மேல்நோக்கி ஓடாதே என்று அதற்கடுத்த வாரம் என் வகுப்பில் ஒரு தீக்குச்சியைச் சாய்த்துக் காட்டித்தான் சொன்னேன். விரலில் சூடு ஏறும்போது கையை உதறிய எந்தப் பிள்ளையும் அதை மறக்காது.

இப்போது, இந்த மடலை எழுத வைத்த செய்திக்கு வருகிறேன்.

சென்ற தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, நம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். என் தெருப் பெண். அடையாளம் சொல்ல மாட்டேன். தாய் கடைக்குப் போயிருந்தார். வடச்சட்டியில் எண்ணெய் அளவு மீறிக் காய்ந்து புகைந்து, தானே பற்றிக்கொண்டது. அவள் செய்ததை யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்: பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினாள். எண்ணெய் அப்போது 300 டிகிரிக்கு மேல். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடிக்குப் போய், நொடியில் கொதித்து, ஏறத்தாழ 1,700 மடங்கு பருமனுள்ள நீராவியாக வெடித்து, எரியும் எண்ணெயைத் துளித்துளியாகக் கூரைவரை தூக்கி அடித்தது. அவளுடைய வலக்கையிலும் கழுத்திலும் இருக்கும் தழும்புகளை நான் வாரம் இருமுறை பார்க்கிறேன். மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அவள் அழாமல் என்னிடம் கேட்டாள்: "தண்ணி ஊத்தினா நெருப்பு அணையும்னுதானே டீச்சர் எல்லாரும் சொல்றாங்க?"

நான் என்ன சொல்ல? அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்த காலத்தில் ஆய்வகம் முதலில் கொரோனாவுக்காகப் பூட்டப்பட்டது; பிறகு ஆள் இல்லாமல் அரைகுறையாகத் திறந்தது. எரிதல் பாடத்தைத் திரையில் பார்த்துத் தேர்வில் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறாள். எண்ணெய்த் தீக்கு நீர் ஆகாது என்று அவள் எழுதிய விடைத்தாளும் எங்கோ இருக்கும். ஒரு சிறு கிண்ணத்தில் எரியும் எண்ணெயை ஒரு தட்டால் மூடி, ஆக்சிஜன் கிடைக்காமல் அது அடங்குவதை ஒரே ஒரு முறை அவள் கையாலேயே செய்திருந்தால், அன்று அடுப்பைத் திருகி அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த மூடியைத்தான் அவள் கை தேடியிருக்கும். அந்த மூடி அடுப்புக்கு அருகில்தான் இருந்தது என்று அவளுடைய தாய் இன்னும் சொல்லி மாய்ந்துபோகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருந்த என் மாமா குடும்பம், ஒரு மார்கழிக் குளிரில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு சன்னலை அடைத்துவிட்டுப் படுத்தது. புகையில்லாத கங்குதானே என்ற தைரியம். காற்றோட்டமில்லாமல் கனலும் கரி கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். நள்ளிரவில் கைக்குழந்தை வாந்தியெடுத்து அழுததால் அத்தை எழுந்து, தள்ளாடிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். அதனால் இன்று அவர்கள் இருக்கிறார்கள். மலைமேலிருந்து நம் விடுதிக்கு வந்து படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இன்றும் கரியடுப்பு உண்டு.

தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை விடும். மெழுகுவத்தி ஏற்றத் தகுதியில்லை என்று நீங்கள் முடிவு செய்த அதே பிள்ளைகள், மறுநாள் விடியலில், ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பார்கள். வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது, அதனால் டப்பாவைப் போட்டு மூடினால் அணையாது, மேலும் மோசமாக வெடிக்கும் என்பதை யார் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? சமையலறையில் எரிவாயுக் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி நிற்கும், மின்விசிறிச் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறக்க வேண்டும் என்பதை? பிள்ளைகளின் வாழ்க்கையில் நெருப்பு முன்போலவேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்தான் இப்போது இல்லை.

ஆய்வக வாசலில் தொங்கும் தீயணைப்புக் கருவியையும் சென்ற முறை வந்தபோது பார்த்தேன். மறுநிரப்பு நாள் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் குழாய் முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. நெருப்பைக் கண்டு அஞ்சுகிற நிர்வாகம் முதலில் அதையல்லவா கவனித்திருக்க வேண்டும்?

நான் கேட்பவை இவை. தீபாவளி விடுமுறைக்கு முன் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, அலமாரிச் சாவியை அறிவியல் ஆசிரியர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் பணியிடத்தை இந்தக் கல்வியாண்டுக்குள் நிரப்ப வேண்டும். அதுவரை ஒரு நேரத்தில் இருபது பிள்ளைகளுக்கு மேல் ஆய்வகத்தில் விடாதபடி வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கட்டுப்பாடுகள் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை: எட்டாம் வகுப்பு வரை மெழுகுவத்தியும் தீக்குச்சியும் போதும், மக்னீசியத்தையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் ஆசிரியர் பற்றவைக்கட்டும், கிண்ணத்தை மூடி அணைப்பதை மட்டும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர் அருகில் நிற்க ஒவ்வொருவராகச் செய்யட்டும், ஸ்பிரிட்டை வராந்தாவில் காலையிலேயே நிரப்பும் பழைய வழக்கத்தை எழுத்திலேயே விதியாக்குங்கள், துப்பட்டாவையும் பின்னலையும் கட்டாமல் யாரும் மேசையருகே வரக் கூடாது. தீயணைப்புக் கருவியை இந்த வாரமே நிரப்பி, இரண்டு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் நனைத்த சாக்கும் வாசலில் வைக்க வேண்டும். ஏப்ரல் 14இல் தொடங்கும் தீத்தொண்டு வாரம்வரை காத்திராமல், தீயணைப்பு நிலையத்துக்கு இப்போதே கடிதம் எழுதி, பெற்றோரும் வரக்கூடிய ஒரு சனிக்கிழமையில் பள்ளி மைதானத்தில் எண்ணெய்த் தீயையும் எரிவாயுத் தீயையும் அணைத்துக் காட்ட அழைக்க வேண்டும். அன்று அந்தப் பெண் வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளை மேடையேற்றிப் பொன்னாடை எதுவும் போர்த்த வேண்டாம்.

உதவியாளர் வரும்வரை சனிக்கிழமைகளில் நான் ஊதியமின்றி வந்து ஆய்வகத்தில் நிற்கிறேன். அந்த இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில், சோதனைக்குழாய்த் தாங்கிகளுக்குப் பின்னால், நான் ஓய்வு பெற்ற வாரத்தில் வாங்கி வைத்த மெழுகுவத்திப் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. சாவியை எந்த நாளில், யாரிடம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதைப் பத்து நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
சேலம்.